துக்க வீட்டில் பெண்கள்: கிறைஸ்ட்சேர்ச் முதல் மட்டக்களப்பு வரை

2019 மார்ச் 15ஆம் திகதிக்கும் ஏப்ரல் 21ஆம் திகதிக்கும் இடையில் 37 நாட்கள். முதல் திகதியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியிருந்த முஸ்லிம்களை ஒரு வெள்ளையினவாதி சுட்டுக் கொன்றான். இரண்டாவது திகதியில் இலங்கையில், உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்குக் கூடியிருந்த கிறிஸ்தவர்கள் மீதும் கொழும்பின் ஆடம்பர ஹோட்டல்களில் இருந்தவர்கள் மீதும் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்று தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களை நடத்தியது. இரண்டு நாடுகளிலும் மக்கள் சேர்ந்து அழுதார்கள். இரண்டு நாடுகளிலும் ஒற்றுமை பற்றிப் பேசப்பட்டது. அந்த ஒற்றுமையின் அடையாளமாக இரண்டு நாடுகளிலும் முஸ்லிம் பெண்ணின் துணியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு நாட்டில் முஸ்லிம் அல்லாத பெண்கள் அந்தத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். மற்ற நாட்டில் முஸ்லிம் பெண்கள் அதைக் கழற்ற வேண்டியிருந்தது.

பெரும் வன்முறைகளின் பின்னர் சமூகங்கள் ஒன்றுசேர்வதைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் பெண்கள் பெரும்பாலும் படங்களாகவே வருகிறார்கள். மெழுகுவர்த்தி ஏந்திய பெண், சவப்பெட்டியின் மேல் விழுந்து அழும் தாய், இன்னொரு மதத்துப் பெண்ணைக் கட்டித் தழுவும் பெண். தாக்குதலுக்கு முன்னர் அந்தப் பெண்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள், படம் எடுத்தவர்கள் போன பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது என்பவை அந்த வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. இவ்விரு கேள்விகளையும் இந்த இரு நாடுகளிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

கிறைஸ்ட்சேர்ச்: முன்பே சொன்ன பெண்கள்

அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் கொல்லப்பட்டவர்கள் 51 பேர். அவர்களுள் அகதிகளாக வந்தவர்களும் படிக்க வந்த மாணவர்களும் முதியவர்களும் சிறுவர்களும் இருந்தனர். பெண்களைப் பாதுகாப்பாக வெளியே கொண்டுசேர்த்துவிட்டு, சக்கர நாற்காலியில் இருந்த கணவரைக் காப்பாற்றத் திரும்பி ஓடிய ஒரு பெண்ணும் கொல்லப்பட்டார். மறுநாளே பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் கறுப்புத் தலைத்துணி அணிந்து குடும்பங்களைச் சந்தித்தார். கொலையாளியின் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப்போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 22இல், பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள ஹாக்லி பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். தொழுகைக்கான அழைப்பு நாடு முழுவதும் ஒலிபரப்பானது. அன்று அலுவலகங்களிலும் வீதிகளிலும் பல பெண்கள் தலைத்துணி அணிந்தார்கள். காவலுக்கு நின்ற பெண் பொலிஸாரும் அணிந்திருந்தார்கள். ஏப்ரல் 10இல், இராணுவ பாணியிலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் 119க்கு 1 என்ற வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தலைத்துணி அணிந்தால் வீதியில் யாராவது துப்புவார்கள் என்ற பயத்தில் வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு, தன் தெருவில் பத்துப் பெண்கள் அதே துணியோடு நடந்ததைப் பார்த்தது ஆறுதல்தான். ஆனால் அன்றே மாற்றுக் குரல்களும் எழுந்தன. ஈரானில் கட்டாய ஹிஜாபுக்கு எதிராகப் போராடிய பெண்கள், தாம் சிறைக்குப் போகக் காரணமான துணி இங்கே விடுதலையின் சின்னமாகிறதே என்று கேட்டார்கள். நியூசிலாந்து முஸ்லிம் பெண்களிலேயே சிலர், ஒரு நாள் அணிந்து கழற்றுவது உங்களுக்கு இலகு, நாங்கள் மறுநாளும் இதோடுதான் பேருந்தில் ஏற வேண்டும் என்றார்கள். ‘இது நாங்கள் அல்ல’ என்று நாடு முழங்கியபோது, மாஓரி மக்கள் தம் நிலப் போர்களையும், 1881இல் பரிஹாக்கா கிராமத்துக்குள் நுழைந்த படைகளையும் நினைவூட்டினார்கள். இந்த நாட்டில் வெள்ளையின வன்முறை மார்ச் 15இல் தொடங்கவில்லை என்பது அவர்கள் வாதம்.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது வேறொரு குரல். நியூசிலாந்து இஸ்லாமியப் பெண்கள் பேரவை 1990இல் உருவான அமைப்பு. தாக்குதலுக்கு முந்தைய ஆண்டுகளில் அதன் பிரதிநிதிகள் அரச திணைக்களங்களின் கதவுகளைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையினத் தீவிரவாதம் வளர்வதையும், முஸ்லிம் பெண்கள் பொது இடங்களில் இலக்காவதையும், பிள்ளைகள் பாடசாலையில் துன்புறுத்தப்படுவதையும் எடுத்துச்சொன்னார்கள். கூட்டங்கள் நடந்தன, குறிப்புகள் எடுக்கப்பட்டன. உளவுத்துறையின் கவனமோ அந்தப் பெண்களின் சமூகத்தைக் கண்காணிப்பதிலேயே இருந்தது. தலைத்துணி அணிந்த பெண்தான் வெறுப்பை முதலில் எதிர்கொள்கிறவள். அது கூடுகிறதா குறைகிறதா என்பதை எந்த ஆய்வு நிறுவனத்துக்கும் முன்பாக அறிகிறவளும் அவளே. ஆனால் அவள் சொல்வது ‘முறைப்பாடு’ என்று பதிவாகிறது, ‘தகவல்’ என்று பதிவாவதில்லை.

2020 டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை, பாதுகாப்பு அமைப்புகள் இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மீதே பொருத்தமற்ற அளவில் கவனம் குவித்திருந்ததை ஏற்றுக்கொண்டது. அந்தக் குறை இருந்திராவிட்டாலும் கொலையாளி முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டிருப்பான் என்று சொல்ல முடியாது என்றும் அது முடிவுசெய்தது. மொத்தம் 44 பரிந்துரைகள். பெண்கள் பேரவை பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவற்றில் ஒரு பகுதி, 51 பேர் இறந்த பிறகு, அரச ஆவணத்தின் மொழியில் திரும்பி வந்தது.

இலங்கை: குருதி கொடுத்த வரிசை

ஏப்ரல் 21 காலை கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று ஹோட்டல்கள் ஆகியவற்றில் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூறுக்கும் மேல். அங்கு இறந்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கத்தோலிக்கர். கொச்சிக்கடையில் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்கள் தமிழர்கள். அவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகள். குண்டுடன் வந்தவனை உள்ளே விடாமல் வாசலில் மறித்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவரும் அங்கே இறந்தார். முப்பது ஆண்டுப் போரின் மரணங்களைச் சுமந்த ஊர், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி சின்னச் சவப்பெட்டிகளைத் தேடியது.

முதல் நாட்களில் நடந்தவை மெய்யாகவே நடந்தன. குருதி வழங்க எல்லா இனத்தவரும் வரிசையில் நின்றார்கள். வீதிகளில் வெள்ளைக் கொடிகள் கட்டப்பட்டன. ஏப்ரல் 23 தேசிய துக்க தினம், காலை 8.30க்கு மூன்று நிமிட மௌனம். தாக்குதல்தாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்கப்போவதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில், புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம் மக்களே. அந்த வீட்டில் குண்டுகளை வெடிக்கவைத்து இறந்தவர்களில் ஆறு பேர் சிறுவர்கள்.

ஆயினும் அந்த நாட்களின் ‘ஒற்றுமை’ எப்படிக் காட்சிப்படுத்தப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் எந்தக் கலவரத்தின் பின்னும் ஒரு படம் வரும்: சர்வமதத் தலைவர்கள். பிக்கு, குருக்கள், பாதிரியார், மௌலவி ஆகியோர் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். நான்கு சமயங்களும் தம் தலைமையில் பெண்களுக்கு இடம் கொடுக்காத நிலையில், சமூகங்களுக்கிடையிலான சமாதானத்தை ஆண்களே பேசி முடிக்கிறார்கள். அதே நேரத்தில் செத்த வீட்டின் வேலை முழுவதும் பெண்களின் கையில் இருக்கிறது. அடுப்பு மூட்டாத வீட்டுக்குத் தேத்தண்ணீரும் சோறும் கொண்டுபோவது, பிள்ளையை இழந்தவளின் மற்றப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அனுப்புவது, இரவில் அவளோடு படுத்துக்கொள்வது. மயானத்துக்குப் போகும் ஊர்வலத்தில் இந்துப் பெண்ணுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் வழக்கமாக இடமில்லை. ஆனால் அந்த ஊர்வலம் கலைந்து ஆண்கள் வீடு திரும்பிய பிறகு தொடங்கும் நீண்ட துக்கம் அவர்களுடையது.

இந்த வேலைக்கு ‘நல்லிணக்கம்’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை. அதற்குப் பத்திரிகை அறிக்கையும் கிடையாது. அதனால்தான் தலைவர்கள் கைகுலுக்கிய மறுநாள், அந்த நல்லிணக்கத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்கும் எடுக்கப்படுவதில்லை.

கழற்றப்பட்ட துணி

தாக்குதல் நடந்து எட்டே நாட்களில், ஏப்ரல் 29இல், அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் முகத்தை மூடும் ஆடைகளை ஜனாதிபதி தடைசெய்தார். அதற்கு முன்னரே உலமா சபையும் முகத்திரையைத் தவிர்க்கும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. அரசும் சமயத் தலைமையும் உடன்பட்ட முதல் விடயம் பெண்ணின் ஆடை. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகளை வெடிக்கவைத்தவர்கள் ஆண்கள். தேவாலயத்துக்குள் நுழைந்தவர்கள் யாரும் முகத்திரை அணிந்து நுழையவில்லை.

முகத்திரையைப் பற்றிப் பெண்ணியவாதிகளிடையே ஒரே கருத்து இல்லை. அது கிழக்கில் அண்மைக் காலத்தில் பரவிய இறுக்கமான ஒரு மதப்போக்கின் அடையாளம் என்று விமர்சித்த முஸ்லிம் பெண்களே இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண் தன் வீட்டிலும் சமூகத்திலும் வாதாடி முகத்திரையை விடுவதும், துப்பாக்கி ஏந்திய சோதனைச் சாவடியில் அதைக் கழற்றுவதும் ஒன்றாகா. மேலும் தடை முகத்திரையோடு நிற்கவில்லை. சட்டம் சொன்னது முகத்தை. வீதி அதைத் தலை என்றும் அபாயா என்றும் வாசித்தது. வைத்தியசாலை வாசலிலும் வங்கியிலும் கடையிலும் தலைத்துணியைக் கழற்றச் சொல்லிப் பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அபாயாவோடு பாடசாலைக்கு வந்த ஆசிரியைகள் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். தமிழ்ப் பாடசாலைகளிலும் இது நடந்தது. தாக்குதலுக்கு ஓராண்டு முன்பே, 2018இல், திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் அபாயா அணிந்த ஆசிரியைகளுக்கு எதிராகப் போராட்டம் நடந்திருந்தது. ஏப்ரல் 21 ஒரு பழைய விருப்பத்துக்குப் புதிய காரணம் கொடுத்தது.

மே மாதக் கடைசியில் பொது நிர்வாக அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, அரச அலுவலகங்களில் பணிபுரியும் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் அணிய வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்தபின் அது திருத்தப்பட்டது. முஸ்லிம் பெண்ணின் அபாயாவைக் குறிவைத்த அந்த ஆணை, காற்சட்டையோ சட்டையோ அணிந்து வேலைக்குப் போன சிங்கள, தமிழ்ப் பெண்களையும் ஒரே வரியில் கட்டிப்போட்டது. ஒரு சமூகத்துப் பெண்ணின் உடையில் கைவைக்க அனுமதித்தால் அந்தக் கை அங்கேயே நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

அதே மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதுசெய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. பொலிஸார் அதைப் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்றார்கள். குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்கவென்று இயற்றப்பட்ட சட்டத்தின் கீழேயே அவர் இரண்டு வாரங்களுக்கும் மேலாகத் தடுத்துவைக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழிந்தபின் உச்ச நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது.

மே 12, 13ஆம் திகதிகளில், நோன்பு மாதத்தில், குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொட போன்ற இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் நூற்றுக்கணக்கில் துரத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அஹ்மதிகள். தம் நாட்டில் மதத் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், இங்கே அதே தீவிரவாதிகளின் பெயரால் துரத்தப்பட்டார்கள். பஸ்யால பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வாகனத் தரிப்பிடத்திலும் அவர்கள் குழந்தைகளோடு படுத்தார்கள்.

கருப்பையின் மீது ஒரு போர்

பெண்ணின் ஆடைக்கு அடுத்து வந்தது பெண்ணின் கருப்பை. மே 23இல் ஒரு சிங்கள நாளிதழ், ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டதாக முதற்பக்கச் செய்தி வெளியிட்டது. மறுநாள் குருநாகல் வைத்தியசாலையின் டாக்டர் ஷாபி கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய அழைத்துவரப்பட்டார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலை 25இல் அவருக்குப் பிணை கிடைத்தது. பின்னர் அவர் சேவையில் மீள அமர்த்தப்பட்டார். இடைக்காலச் சம்பள நிலுவையாகக் கிடைத்த பணத்தை, 2022 பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகள் வாங்க நன்கொடையாகக் கொடுத்தார்.

இந்தக் கதை பெரும்பாலும் ஒரு மருத்துவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே சொல்லப்படுகிறது. அதில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் இருக்கிறது. குழந்தை இல்லையென்று ஊராலும் மாமியாராலும் குத்திக்காட்டப்பட்ட பெண்களின் வலியைத் தூண்டில் புழுவாக எடுத்துக்கொண்டது அந்தப் பிரசாரம். அவர்களின் மருத்துவக் கதைகள் தெருப்பேச்சாயின. சிசேரியன் செய்துகொண்ட ஒவ்வொரு தாயும் தன் உடம்பைச் சந்தேகிக்கவைக்கப்பட்டாள். இனத்தின் எண்ணிக்கையைப் பெருக்கும் பாத்திரமாகப் பெண்ணை நினைக்கிற தேசியவாதத்துக்கு, அவள் ‘நம்’ பெண்ணா ‘அவர்கள்’ பெண்ணா என்பது மட்டுமே வேறுபாடு. நம் பெண் பெறாமல் போனாளோ என்று அழும். அவர்கள் பெண் பெறுகிறாளே என்று பயப்படும்.

கடத்தப்பட்ட கோரிக்கை

முஸ்லிம் பெண் செயற்பாட்டாளர்கள் மாட்டிக்கொண்ட இக்கட்டு இன்னும் சிக்கலானது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அந்தச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயதை நிர்ணயிக்கவில்லை. 12 வயதுக்கும் குறைந்த சிறுமியின் திருமணத்தைக்கூடக் காதியின் அனுமதியோடு பதிவுசெய்ய இடம் தருகிறது. மணமகளின் கையெழுத்தைக் கேட்பதில்லை. காதி பதவி ஆண்களுக்கு மட்டும். 1986 முதல் இயங்கும் முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி மற்றும் செயல் முன்னணியும், புத்தளத்திலும் கிழக்கிலும் காதி நீதிமன்ற வாசல்களில் பெண்களோடு காத்துக்கிடந்த செயற்பாட்டாளர்களும் இதற்காக உழைத்தார்கள். ‘மேற்கின் கைக்கூலிகள்’ என்ற வசையையும் மிரட்டலையும் சொந்தச் சமூகத்து ஆண்களிடமிருந்து வாங்கினார்கள். 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையைக் கொடுக்கவே 2018 ஆயிற்று.

ஏப்ரல் 21க்குப் பிறகு திடீரென்று எல்லோருக்கும் முஸ்லிம் சிறுமிகளின் திருமண வயது ஞாபகம் வந்தது. நேற்றுவரை திரும்பிப் பார்க்காத பேரினவாதிகள் முஸ்லிம் பெண்ணின் மீட்பர்களானார்கள். ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்ற முழக்கம் பிறந்தது. 2021 அக்டோபரில் அதற்கென்று நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணிக்குத் தலைவர், முஸ்லிம் எதிர்ப்புக்குப் பேர்போன கலகொட அத்தே ஞானசார தேரர். தொடக்கத்தில் அதில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு தமிழரும் இல்லை.

இதில் முஸ்லிம் பெண்கள் எங்கே நிற்பது? கோரிக்கையை இப்போது உரத்துச் சொன்னால் தம் சமூகத்தை அடிப்பவனின் கையில் தடி கொடுப்பதாகும். பேசாதிருந்தால் இன்னொரு சிறுமியின் பள்ளிப் படிப்பு நின்றுவிடும். அவர்கள் இரண்டையும் செய்யாமல் இரண்டு பக்கமும் பேசினார்கள். சட்டத்தைத் திருத்துங்கள் என்று தம் தலைவர்களிடம் சொன்னார்கள். எங்கள் பெயரைச் சொல்லி எங்கள் வீட்டாரை அடிக்காதீர்கள் என்று அரசிடம் சொன்னார்கள். துக்க காலத்து ஒற்றுமை என்பது உள்வீட்டு அநீதியைப் பேசாதே என்ற கட்டளையாக மாறிவிடும் ஆபத்தை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு.

கிழக்கின் பழைய கணக்கு

மட்டக்களப்பில் சேர்ந்து துக்கம் காப்பது மற்ற இடங்களைப்போல இலகுவானதன்று. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறுக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் விடுதலைப் புலிகள் கொன்றார்கள். சில நாட்களில் ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட மேலும் நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில் வந்தாறுமூலை பல்கலைக்கழக முகாமிலிருந்து 158 தமிழர்களை இராணுவம் கொண்டுபோனது; அவர்கள் திரும்பவில்லை. அதே மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் பெண்களும் கைக்குழந்தைகளுமாக 180க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள்.

அந்த ஆண்டு தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் சில மைல் தூரத்தில் தனித்தனியே அழுதார்கள். ஒருத்தியின் துக்கத்தை மற்றவள் ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றும் நினைவுநாட்கள் தனித்தனி. அப்படியொரு மண்ணில், காத்தான்குடியில் பிறந்த ஒருவன் தலைமைதாங்கிய குழு சீயோனில் தமிழ்ப் பிள்ளைகளைக் கொன்றபோது பழைய பகை முழுதாக எழுந்திருக்கலாம். கடைப் புறக்கணிப்பு, வசைகள், சந்தேகம் எல்லாம் இருந்தன. ஆனால் 1990 திரும்பவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. இராணுவம் தெருவில் நின்றதும் ஒன்று. இன்னொரு காரணம் பெண்கள். 1990களிலிருந்து மட்டக்களப்பில் இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற இடங்களில், வீட்டு வன்முறை வழக்குக்காகவும் காணாமற்போனவரைத் தேடியும் நுண்கடன் கொடுமைக்காகவும் தமிழ், முஸ்லிம் பெண்கள் ஒரே பாயில் உட்கார்ந்து பழகியிருந்தார்கள். ஒருவர் வீட்டை ஒருவருக்குத் தெரியும். தெரிந்த ஒருத்தியைப் பற்றிய வதந்தியை நம்புவது கொஞ்சம் கடினம்.

வேலியில் கட்டிய வெள்ளைத் துணி

ஒன்றரை ஆண்டுக்குப் பின் இன்னொரு துணி வந்தது. கொவிட் தொற்றால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசு வர்த்தமானி வெளியிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அது மாறவில்லை. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தை பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதன் பின் பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் தம் இறந்தோருக்குச் சுற்றும் கஃபன் துணி அது. கட்டியவர்களில் சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர் எல்லோரும் இருந்தார்கள். இரவில் அகற்றப்பட அகற்றப்பட மறுபடி கட்டினார்கள்.

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த தமிழர் பேரணி, காணாமலாக்கப்பட்டோர், நிலப்பறிப்பு, அரசியல் கைதிகள் ஆகிய தன் கோரிக்கைகளோடு முஸ்லிம்களின் அடக்க உரிமையையும் சேர்த்துக்கொண்டது. கிழக்கில் முஸ்லிம்கள் வீதியில் நின்று அந்தப் பேரணியை வரவேற்றுச் சேர்ந்து நடந்தார்கள். மகனின் உடலைக்கூடக் காணாத தமிழ்த் தாய்க்கு, உடல் கிடைத்தும் மண்ணுக்குக் கொடுக்க முடியாத முஸ்லிம் தாயின் துயரத்தை விளக்கிச்சொல்ல யாரும் தேவைப்படவில்லை. பெப்ரவரி 25இல் தடை நீங்கியது. மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் 3,000க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே வந்தன. இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே முஸ்லிம்களின் பக்கத்தில் கிடக்கிறார்கள். கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்டது.

பொரளை வேலியில் கட்டப்பட்ட துணிக்கும் ஹாக்லி பூங்காவில் அணியப்பட்ட துணிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹாக்லியில் அது அனுதாபத்தைக் காட்டியது. பொரளையில் அது ஓர் அரசாணையை மாற்றச் சொல்லி நின்றது. பாதிக்கப்பட்டவர்கள் கேட்டதையே மற்றவர்களும் கேட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வேறொன்றைக் கேட்கவில்லை.

முடியாத துக்கம்

2023 ஜனவரி 12இல் இலங்கை உச்ச நீதிமன்றம், இந்தியாவிடமிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும், பாதுகாப்புத் துறையின் உயரதிகாரிகளும் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பின்னணியில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியை கத்தோலிக்கத் திருச்சபையும் குடும்பங்களும் தொடர்ந்து எழுப்பிவருகிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் கட்டுவாப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் சீயோனிலும் படங்களை ஏந்தி நிற்பவர்களில் பெண்களே அதிகம். காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடிக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல ஆண்டுகளாகப் பந்தலில் அமர்ந்திருப்பவர்களும் பெண்களே. இந்த இரண்டு கூட்டமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யார் செய்தது, யார் செய்யவிட்டது?

ஒரு தாக்குதலின் பின்னர் சமூகங்கள் ஒன்றுசேர்ந்தன என்று யாராவது எழுதும்போது நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. தாக்குதலுக்கு முன் எச்சரித்த பெண்கள் யார், அவர்கள் சொன்னது எந்தக் கோப்பில் கிடந்தது? ஒற்றுமையின் மேடையில் பேச அழைக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர்? மூன்று மாதம் கழித்து, குற்றவாளியின் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் தன் வழக்கமான உடையில், தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தனியே பேருந்தில் போய் வைத்தியசாலையில் நம்பர் எடுத்து உட்கார முடிந்ததா? கிறைஸ்ட்சேர்ச்சில் இதற்கு ஓரளவு ஆம் என்று பதில் சொல்லலாம். 2019இன் இலங்கையில் பதில் இல்லை என்பதே. மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கையை வைத்து எழுதப்படும் வரலாறு இந்த வித்தியாசத்தைப் பிடிக்காது. அந்தப் பேருந்துப் பயணத்தை வைத்து எழுதப்படும் வரலாறு பிடிக்கும். அதை எழுதும் வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.